அரைப் போத்தல் எண்ணெய்

"மௌத்தானவங்களுக்கு யாராவது மருந்துத் துண்டு எழுதுவாங்களா மிஸ்? இங்க செடியெல்லாம் செத்து முடிஞ்சி போய் ஈக்குதே."

த்ரீவீலை ஹோட்டல் வாசலில் நிறுத்தியதும் அப்லால் இப்படித்தான் ஆரம்பித்தான். கித்துல்கலைக்கு மேலே பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கி, அதைச் சுற்றி வைத்த தோட்டம் அது. ஆற்றில் படகு ஓட்ட வருகிற வெள்ளைக்காரர்கள் படகை மறந்துவிட்டு அதைப் படம் எடுப்பார்கள். இப்போது முன்பக்கத்துச் செம்பருத்தி வேலி முழுக்கக் கருகிக் கிடந்தது. குரோட்டன் கருகியிருந்தது. வெட்சி கருகியிருந்தது. கீழே இருந்த புல்லும் வைக்கோலாகிப் போயிருந்தது.

மைமூனா மிஸ் இறங்கினார். யட்டியாந்தோட்டை பஜாரில் செடிக்கடை வைத்திருப்பவர், ஐம்பத்திரண்டு வயது. செடிக்கு வந்தது பூச்சியா, நோயா, இல்லை மனுஷன் செய்த வேலையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வதில் கேகாலைப் பக்கம் அவரை அடிக்க ஆள் கிடையாது. அப்லால் பதினோரு வருஷமாக அவருக்கு டிரைவர், பை தூக்குபவன், பேச்சுத்துணை. பேச்சில் பெரும்பங்கு அவனுடையது.

"ரெண்டு மணிக்கு பொலிஸ் வருது," என்றார் மெனேஜர் கிருஷ்ணகுமார், வாங்க என்றுகூடச் சொல்லாமல். "நீங்க எழுதித் தர்றதை வச்சுத்தான் கம்ப்ளெய்ன். முதலாளி கொழும்புல இருந்து மணிக்கு ஒருதரம் கோல் எடுக்கிறார். நாளன்னைக்கு இந்தப் புல்லுல ஒரு கல்யாணம். வர்றவங்களுக்கு நான் எதைக் காட்டுறது, வெறகையா?"

"யாரைச் சந்தேகப்படுறீங்க?"

"சந்தேகமே இல்ல மிஸ். தோட்டக்காரி ஜீவராணிதான். போன வெள்ளிக்கிழமை மருந்தடிச்சது அவ. அதுக்கு முந்தின நாள் லீவு கேட்டா, நான் குடுக்கல. கோவத்துல செஞ்சிட்டா."

ஸ்டோர் வராந்தாவில் ஜீவராணி தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செக்யூரிட்டிக்காரர். காலை எட்டு மணியில் இருந்து அப்படியே. முப்பத்தஞ்சு வயதுக்காரி, புருஷன் செத்து நாலு வருஷம். கீழே ரப்பர் மலையில் இருக்கும் தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா, அதில் அவளும் மகள் லோஜினியும். காம்பரா ஹோட்டலுக்குச் சொந்தம். வேலை போனால் அதே நாளில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

மிஸ்ஸை வரச் சொன்னதே அவள்தான். செக்யூரிட்டிக்காரரின் ஃபோனைக் கெஞ்சி வாங்கிப் பேசியிருந்தாள். இப்போது மிஸ்ஸைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"நான் செய்யலைங்க மிஸ். புள்ள மாதிரி வளத்த செடிங்க. மிஸ், நான் ஒருக்கா லயத்துக்குப் போய்ட்டு ஓடி வந்துர்றேனே. புள்ள தனியா இருக்கு."

"பொலிஸ் வந்து போன பிறகு பாக்கலாம்," என்றார் மெனேஜர்.

மிஸ் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனார். மணி பன்னிரண்டே கால்.

ஒரு செம்பருத்திக் கிளையைத் திருப்பிப் பிடித்து, கண்ணாடியை அப்லாலிடம் கொடுத்தார். "பாரு. மாவுப்பூச்சி எப்படி ஈக்குது?"

"குடும்பத்தோட சந்தோஷமா ஈக்குது மிஸ். வீடுதான் இடிஞ்சிருக்கு."

"அதைத்தான் பாக்கச் சொன்னேன். செடி செத்துப் போச்சு, பூச்சி சாகல. இந்தப் பூச்சி குரோட்டன்ல இல்லவே இல்ல, ஆனா குரோட்டனும் செத்திருக்கு. நோய்னா ஒரு மூலையில தொடங்கி மெதுவாப் பரவும். ஒரு செடிய விட்டுட்டு இன்னொரு செடியப் பிடிக்கும். இது கோடு போட்ட மாதிரி, இடுப்பு உசரத்துக்கு, எல்லாத்தையும் ஒரே தரத்துல முடிச்சிருக்கு." மிஸ் எழுந்து கையைத் துடைத்தார். "பூச்சியும் இல்ல, நோயும் இல்ல. கை செஞ்ச வேலை. களையக் கொல்ற புல்லு மருந்து."

பின்னால் மெனேஜர் நின்றுகொண்டிருந்ததை அப்லால் அப்போதுதான் கவனித்தான்.

"அதை அப்படியே எழுதித் தாங்க மிஸ்," என்றார் அவர். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மெனேஜர் நகர்ந்ததும் அப்லால் தாழ்ந்த குரலில் கேட்டான். "மிஸ், நாங்க இந்தப் பொம்பளையக் காப்பாத்த வந்தோமா, குழி வெட்ட வந்தோமா?"

"உண்மையச் சொன்னேன்."

"அது சரி. அதை அந்தாள் காது கேக்கச் சொல்லியிருக்க வேணாம்."

மிஸ் வேகமாக வராந்தாவுக்குத் திரும்பி நடந்தார். அவருக்கும் அது உறைத்திருக்கிறது என்று அப்லாலுக்கு விளங்கியது.

ஜீவராணி பூச்சிக் கணக்கு எழுதுகிற சி.ஆர். கொப்பி ஒன்று வைத்திருந்தாள். அதைப் பழக்கிவிட்டதே மிஸ்தான். திங்கட்கிழமை தோறும் அஞ்சு செடி, செடிக்கு ரெண்டு இலை, ஒவ்வொரு இலைக்குக் கீழேயும் எத்தனை பூச்சி என்று எண்ணி எழுத வேண்டும். மஞ்சள் அட்டையில் எத்தனை வெள்ளை ஈ ஒட்டியிருக்கிறது என்பதும் வர வேண்டும். பூச்சி கூடினால் மட்டும் மருந்து. சும்மா சும்மா அடிக்கக் கூடாது. இரண்டு வருஷமாக ஒரு திங்கட்கிழமைகூட விடாமல் எழுதியிருந்தாள். ஒரு பக்கத்தில், 'புது தளிர் நாலு, சந்தோசம்' என்றும் இருந்தது. இவளா இந்தச் செடிகளைக் கொன்றாள்? அப்லாலுக்கு மெனேஜரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

மிஸ் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "வெள்ளிக்கிழமை. ஒரு டேங்க், அரைப் போத்தல் வேப்பெண்ணெய்னு எழுதியிருக்கே. ஸ்டோர்ல எத்தனை எடுத்தே?"

"ஒரு போத்தலுங்க."

"மிச்ச அரைப் போத்தல்?"

ஜீவராணியின் கண் மெனேஜர் பக்கம் போய்த் திரும்பியது. "முடிஞ்சிருச்சுங்க மிஸ்."

"அரைப் போத்தல்னு நீதானே எழுதியிருக்கே."

"கொட்டிப் போச்சுங்க."

பொய். மிஸ்ஸுக்கும் தெரிந்தது, அப்லாலுக்கும் தெரிந்தது, தூரத்தில் நின்ற மெனேஜருக்கும் தெரிந்தது. அவர் சிரித்தார். "பாத்தீங்களா மிஸ்? இது கொட்டின மருந்தில்ல, ஒளிச்ச மருந்து. பின்பக்கத்துத் தோட்டத்துக்கு வச்சிருக்கா."

"அப்ப எண்ணெய் அடிக்கும்போது நாத்தம் எப்படி இருந்துச்சு?" மிஸ் அவளையே பார்த்துக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்களே. கொரோனா வந்ததுல இருந்து மூக்கு செத்துப் போச்சு. கருவாடு கருகினாக்கூட புள்ளதான் வந்து சொல்லணும்."

மிஸ் சட்டென்று ரிசப்ஷன் பக்கம் நடந்தார். அங்கே விருந்தாளிகள் குறை எழுதுகிற பெரிய கொப்பி ஒன்று இருந்தது. அதைப் பின்னோக்கிப் புரட்டினார். மார்ச் மாதம் மருந்தடித்த நாள்: தோட்டத்தில் ஏதோ செத்து நாறுகிறது. ஜூன் மாதம் மருந்தடித்த நாள்: காலைச் சாப்பாட்டை வெளியே வைத்துச் சாப்பிட முடியவில்லை, ஒரே நாற்றம். போன வெள்ளிக்கிழமை: ரூம் ஏழில் வை-ஃபை வேலை செய்யவில்லை.

"வேப்பெண்ணெய் அடிச்சா வெள்ளைக்காரன் எழுதாம விடமாட்டான்," என்றார் மிஸ். "அன்னைக்கு ஹோட்டல் நெறைய ஆள். ஒருத்தர்கூட எழுதல. அவ டேங்க்ல ஊத்தினது வேப்பெண்ணெய் இல்ல, அப்லால். அவளுக்கே அது தெரியாது."

மணி பன்னிரண்டு ஐம்பது.

ஸ்டோர்கீப்பர் நுஹ்மான் இருபத்தெட்டு வயதுப் பையன். அக்கரைப்பற்றில் இருந்து வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பழைய ஸ்டோர்கீப்பர் கட்டாருக்குப் போய்விட்டார். அவர் இருந்த காலத்தில் ஜீவராணி ஸ்டோர் துண்டுச் சீட்டில் என்ன எழுதுவாளோ அதையே இவனுக்கும் எழுதியிருந்தாள். அந்தத் துண்டை அவன் கம்பியில் குத்தி வைத்திருந்தான். எடுத்து மரியாதையாக நீட்டினான். 'எண்ணெய் ஒரு போத்தல். ஜீவராணி.'

"நான் துண்டுல கிடந்ததத்தான் குடுத்தன் மிஸ். பெரிய கேன்ல இருந்து சோடாப் போத்தல்ல ஊத்திக் குடுத்தன். வேறொண்டும் செய்யல்ல."

"எந்தக் கேன்?"

அதற்குள் அவன் ஃபோன் அடித்தது. வாப்பா என்றான். எடுக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டான். மிஸ் தலையாட்டினார்.

"ஓம் வாப்பா... இல்ல, இண்டைக்கு வயலுக்கு எண்ணெய் அடிக்க வேணாம். மழ வந்தா கழுவிப் போயிரும். நாளைக்கு அடிங்க."

அவன் வைத்ததும் அப்லாலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன தம்பி, உங்க ஊர்ல வயலுக்கும் எண்ணெய் ஊத்தித் தாளிப்பீங்களா? கடுகு எப்ப போடுவீங்க?"

நுஹ்மான் சிரித்தான். மிஸ் சிரிக்கவில்லை. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நுஹ்மான், உங்க ஊர்ல எண்ணெய்னா என்ன?"

"எண்ணெய்தான் மிஸ். புல்லுக்கு அடிக்கிற..."

சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்தினான். கையில் இருந்த துண்டைப் பார்த்தான். மூலையில் இருந்த, தான் ஊற்றிக் கொடுத்த வெள்ளைக் கேனைப் பார்த்தான். அதற்குப் பின்னால், தூசு படிந்து, கறுத்த மூடியோடு வேப்பெண்ணெய்க் கேன் இருந்தது. மூன்று கிழமையாக யாரும் தொடாத கேன்.

"யா அல்லாஹ். எங்கட ஊர்ல எல்லாரும் அப்படித்தான் மிஸ் செல்ற. வாப்பா செல்ற, கடக்காரன் செல்ற. இங்க எண்ணெய்னா வேற எண்டு ஆருமே எனக்குச் செல்லல்லையே."

அப்லாலுக்கு அந்தப் பையனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, அதே நேரம் மனசு துள்ளியது. ஒரு சொல்லு. நெல் விளைகிற ஊரில் ஒரு அர்த்தம், தேயிலை விளைகிற ஊரில் வேறு அர்த்தம். அதில் ஒரு தோட்டமே போயிருக்கிறது. ஜீவராணி தப்பித்தாள்.

"முடிஞ்சிது மிஸ்," என்றான். "வாங்க, மெனேஜர்ட மூஞ்சப் பாக்கலாம்."

ஆனால் மிஸ் ஏற்கெனவே வராந்தாவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷத்தில் அவர் ஓடி அவன் பார்த்ததில்லை. பின்னாலேயே ஓடினான். நுஹ்மானும் ஓடி வந்தான்.

"ஜீவராணி, அந்த அரைப் போத்தல் எங்க?"

"கொட்டிப் போச்சுன்னு சொன்னேங்களே மிஸ்."

மெனேஜர் கையில் ஃபோனோடு பக்கத்தில் வந்து நின்றார். போன மாதம் சமையல்கட்டில் வேலை செய்தவர் ஒருவர் உடைந்த பூச்சட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனதற்கு, அன்றைக்கே காம்பராவைப் பூட்டியவர் இவர். ஹோட்டல் சாமான் கேட்டைத் தாண்டினால் களவு. ஜீவராணி அவரைப் பார்த்த பார்வையிலேயே அப்லாலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவள் எதையும் மறைத்து வைத்துப் பழி வாங்கவில்லை. மிஞ்சினதை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அதைச் சொன்னால் வேலை போகும், காம்பரா போகும். அதனால்தான் காலையில் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள்.

மிஸ் அவள் தோள் இரண்டையும் பிடித்தார். "நான் சொல்றதக் கேளு. நீ செடிக்கு அடிச்சது வேப்பெண்ணெய் இல்ல. ஸ்டோர்ல மாறிப்போச்சு. அந்தப் போத்தல்ல இருக்கிறது புல்லு மருந்து."

ஜீவராணியின் முகம் மாறியதை அப்லால் சாகிற வரைக்கும் மறக்கப்போவதில்லை.

"புள்ள தலையில பேன் மிஸ்," என்றாள். "இஸ்கோல்ல இருந்து துண்டு குடுத்து அனுப்பிட்டாங்க, பேன் போகாம வராதேன்னு. மத்தியானம் நான் வந்து அந்த வேப்பெண்ணெயத் தேச்சுவிடுறேன்னு சொன்னேன். நான் வரலைன்னா பக்கத்துக் காம்பரா சின்னம்மாகிட்ட தேச்சுக்கன்னு சொல்லிட்டு வந்தேன். ஐயோ மிஸ். சொரிஞ்சு சொரிஞ்சு தலையெல்லாம் புண்ணு மிஸ்."

மெனேஜர் வாயைத் திறந்தார். "அப்ப கொண்டுபோனது உண்மை..."

"ஆமா," என்றாள் ஜீவராணி அவர் முகத்துக்கு நேரே. "திருடினேன். சாப்பாட்டுப் பையில வச்சு எடுத்துட்டுப் போனேன். விடுங்க என்னைய."

அவர் விடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை, நகர்ந்து நின்றார்.

சின்னம்மாவின் ஃபோனுக்கு மிஸ் கோல் எடுத்துக்கொண்டே இருந்தார். லயத்துப் பக்கம் சிக்னல் கிடையாது. த்ரீவீலில் பின்னால் மிஸ், ஜீவராணி, நுஹ்மான், முன்னால் அப்லால். ரப்பர் மலைப் பாதை ஒன்றரை மைல், பாதி கல்லு, பாதி குழி. அப்லால் ஒரு குழியையும் விலக்கவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த ஜீவராணியின் கை அவன் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாகப் போங்கள் என்று அவள் கேட்டிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது.

லயத்து வாசலில் லோஜினி உட்கார்ந்திருந்தாள். தோளில் துவாய். முடி முழுக்க ஈரம் மினுங்கியது. பின்னால் சின்னம்மா கையில் சீப்போடு எழுந்து நின்றாள்.

"என்ன இப்படி ஓடி வர்றீங்க? இப்பத்தான் தேச்சு முடிச்சேன். நாத்தமே இல்லாத உசந்த எண்ணெயா இருக்கேன்னு ரெட்டிப்பா ஊத்திட்டேன்."

"கண்ணை மூடு, லோஜினி. திறக்காதே," என்று மிஸ் கத்தினார். "சவுக்காரம் கொண்டாங்க. தண்ணி கொண்டாங்க."

நுஹ்மான் தண்ணீர் கொட்டும் பீலிக்கும் வாசலுக்கும் மாறி மாறி ஓடினான். வாளி வாளியாகத் தண்ணீர். மிஸ் தேய்க்க, ஜீவராணி பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து மறைத்துப் பிடித்தாள். எரியுது அம்மா, எரியுது அம்மா என்று பிள்ளை அழுதது. அப்லால் போத்தலைத் தேடி எடுத்து மூடியை இறுக்கினான், டாக்டர் கேட்பார்.

கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டு. பிள்ளையை உள்ளே எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் யாரும் வெளியே வரவில்லை. ஜீவராணி கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. கடைசியில் டாக்டர் வந்து, கண்ணில் படவில்லை, வயிற்றுக்கும் போகவில்லை, தலைத்தோல்தான் புண்ணாகியிருக்கிறது, இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். தலையை மொட்டை அடித்திருந்தார்கள்.

"பேனும் போச்சு, வீடும் போச்சு," என்று அப்லால் மெதுவாகச் சொன்னான். யாரையும் சிரிக்க வைக்க அல்ல, தனக்கே ஒரு மூச்சு விட வேண்டியிருந்தது. சொன்ன பிறகுதான் வீடு என்ற சொல் நாக்கில் கசந்தது.

ஏனென்றால் மெனேஜர் கம்ப்ளெய்ன் கடிதத்தோடு இங்கேயே வந்திருந்தார். விஷம் பட்ட கேஸ் என்பதால் ஆஸ்பத்திரி பொலிஸ்காரரும் பெரிய புத்தகத்தோடு வந்து மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். தோட்டம் எப்படிச் செத்தது என்பதை மிஸ் சிங்களத்தில் விளக்கினார். பொலிஸ்காரர் எழுதினார். மெனேஜரும் அதை ஏற்றுத் தலையாட்டினார். பிறகு பொலிஸ்காரர் தலையை நிமிர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போத்தலே கொஹொமத கெதர ஆவே?"

போத்தல் எப்படி வீட்டுக்கு வந்தது? ஜீவராணி கதவைப் பிடித்துக்கொண்டாள். மெனேஜர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"நான்தான் குடுத்தன்," என்றான் நுஹ்மான்.

எல்லாரும் திரும்பினார்கள். அவன் சட்டை இன்னும் காயவில்லை. அவனுக்குச் சிங்களம் வராது. அப்லாலைப் பார்த்துத் தமிழில் சொன்னான். "செல்லுங்க அப்லால் நானா. மிச்சத்த வீட்டுக்குக் கொண்டு போங்க அக்கா எண்டு நான்தான் அவக்கிட்டச் சென்னன். நான் குடுத்தபடியாத்தான் அவ எடுத்த. பயத்துல வேற மாதிரிச் சொல்லிட்டா."

இந்த வாயால் அப்லால் பதினோரு வருஷமாக எத்தனையோ அளந்திருக்கிறான். பொலிஸ் புத்தகத்தில் ஏறப்போகிற ஒன்றை அளந்ததில்லை. மெனேஜர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்லால் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னான்.

பொலிஸ்காரர் பேனையை எடுக்கவில்லை. மைமூனா மிஸ் பக்கம் திரும்பினார். கேகாலைப் பக்கம் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்; பிழைக்காத செடியைப் பிழைக்கும் என்று ஒருதரம்கூடச் சொல்லி விற்காதவர் என்பதும் தெரியும்.

"எத்தத, மிஸ்?"

உண்மையா என்று கேட்டார். மிஸ் உள்ளே கட்டிலில் மொட்டைத் தலையோடு படுத்திருந்த பிள்ளையைப் பார்த்தார். கதவைப் பிடித்திருந்த ஜீவராணியின் கையைப் பார்த்தார்.

"எத்த," என்றார்.

பேனை ஓடியது. மெனேஜர் சட்டைப் பையில் இருந்த கம்ப்ளெய்ன் கடிதத்தை எடுத்து, நாலாக மடித்து, திரும்ப உள்ளே வைத்தார். "ஜீவராணி, புள்ளைக்கு சுகமானதும் வேலைக்கு வா," என்றார். பிறகு நுஹ்மானைப் பார்க்காமலேயே சொன்னார். "ஸ்டோர் சாவியத் தந்துட்டுப் போ."

நுஹ்மான் சாவியைக் கொடுத்தான். ஜீவராணி அவன் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். உள்ளே இருந்து பிள்ளை அம்மா என்று கூப்பிட்டது, போய்விட்டாள்.

வெளியே வந்ததும் நுஹ்மான் ஈரச் சட்டையைப் பிழிந்து உதறினான். ஊரில் உள்ள வாப்பாவுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கிறான் போல இருந்தது.

"நானா, அக்கரைப்பற்றுக்கு எங்க பஸ் எடுக்கிற?"

அப்லாலுக்குத் தெரியும். எந்த ஸ்டாண்டில் மாற வேண்டும், எத்தனை மணிக்குக் கடைசி பஸ், எல்லாமே தெரியும். அவன் த்ரீவீலின் பின் சீட்டில் கிடந்த தண்ணீரைத் துணியால் துடைத்து, நுஹ்மானை ஏறச் சொன்னான். பிறகு வண்டியை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திருப்பினான்.